பொட்டு வைக்கக் கூடாத இடம்

அவரைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றாவது எழுத வேண்டும் என்று பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. ‘அவர்’ என்று மரியாதை போட்டு எழுதுவதுகூட வயதுக்காகத்தான். மனசுக்குள் எனக்கு அவர் இன்றைக்கும் ‘அவன்’தான். பெயரைச் சொல்லப்போவதில்லை. உறவுக்காரர்கள் யாராவது நொந்துகொள்வார்களே என்பதற்காக இல்லை. அத்தனை வருஷத்தில் என் அக்காவை ஒரு தடவைகூட அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘ஏய்’ என்பதோடு சரி. அவர் பெயரும் என் எழுத்தில் வர வேண்டாம்.

மலாயாவில், ஜொகூர்ப் பக்கம் செடெனாக்குக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டம் அது. ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்னால். ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகை போடுகிற பெரிய தகரக் கொட்டகைக்குப் பால் ஸ்டோர் என்று பெயர். அந்த ஸ்டோரின் என்ஜின் டிரைவர் அவர். நானும் அக்காவும் உருளையில் வேலை. கோப்பையிலும் மரப்பட்டையிலும் உறைந்துபோன ஒட்டுப்பாலைக் கட்டி கட்டியாக மூட்டையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அக்கா ஒரு பக்கம் நின்று அந்தக் கட்டிகளை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுப்பாள். நான் மறுபக்கம் நின்று, நசுங்கித் தட்டையாகி வருவதை வாங்குவேன். எங்களுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அதில் பெல்ட் போய்வர ஒரு பெரிய சந்து. அந்தச் சந்து வழியாக எங்களுக்கு எப்போதும் தெரிந்தது அவருடைய முதுகுதான்.

அந்த முதுகை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பனியன் போடாத கறுத்த முதுகு, நடுவில் வெந்த தழும்பு ஒன்று. தலையில் எந்நேரமும் சிவப்புத் துண்டு. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, என்ஜினைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். செம்புக் கம்பியால் காது குடைவார். சாப்பாட்டு வேளையில் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போய்த் தனியாகச் சாப்பிடுவார். எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல மாட்டார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தவர் என்று சிலர் சொன்னார்கள், இல்லை, கோலாலம்பூரில் லாரி ஓட்டியவர் என்று சிலர் சொன்னார்கள். அவரிடமே கேட்டால், “தெரிஞ்சு என்ன செய்யப் போறே?” என்பார்.

இதுதான் அந்த மனிதரின் குணம். அவருக்குத் தெரிந்தது நிறைய. அதில் ஒரு துளியும் அடுத்தவருக்குப் போய்விடக் கூடாது. சில பேர் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பார்கள், சுபாவம் அப்படி, அது வேறு. இவர் பேசத் தெரியாதவர் இல்லை. திட்டுவதென்றால் தமிழிலும் மலாயிலும் மழை மாதிரி கொட்டுவார். ‘செய்யாதே’ என்று அதட்டுவார். ‘ஏன்’ என்று கேட்டால்தான் வாய் பூட்டிக்கொள்ளும்.

ஒரு சின்ன சமாச்சாரம் சொல்கிறேன். ஸ்டோருக்கு முன்னால் ஒரு ஓடை, அதன் மேல் பலகைப் பாலம். அதில் நடுப்பலகை ஒன்றை அவர் மட்டும் மிதிக்கவே மாட்டார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டு எட்டிப்போட்டுத் தாண்டுவார். காலையும் தாண்டுவார், மாலையும் தாண்டுவார். ஏதோ வேண்டுதல் என்று பெண்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் கிராணி, அதாவது எங்கள் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், வெள்ளைக் காற்சட்டையும் சப்பாத்துமாக வந்தவர், அந்தப் பலகையோடு சேர்ந்து இடுப்பளவுச் சேற்றில் இறங்கிவிட்டார். பலகை அடியில் கறையான் அரித்து எப்போதோ மக்கிப்போயிருந்தது. கிராணியைத் தூக்கிக் கரையில் உட்காரவைத்த பிறகு அக்கா டிரைவரிடம் போய், “பலகை மக்கினது உங்களுக்கு முன்னமே தெரியுமா டிரைவரே?” என்று கேட்டாள்.

“தெரியும்.”

“சொல்லக் கூடாதா?”

“நான் தாண்டித்தானே போறேன் தினமும்? பாக்குறதுக்குக் கண்ணு இல்லயா?”

அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கிராணிமேல் எனக்கும் கொஞ்சம் காட்டம் உண்டு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “இந்த ஆளு கண்ணு முன்னாடி வீடு எரிஞ்சாலும், ‘பொகை தெரியலயா?’ம்பாரு,” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இன்னொருமுறை, பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, ஒஸ்மான் என்பவரைத் தோட்டத்துத் துரை வேலைக்குச் சேர்த்தார். டிரைவருக்கு வயதாகிறது, என்ஜின் வேலை இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது துரையின் எண்ணம். ஒஸ்மான் மரியாதையான மனிதர், கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தவர். டிரைவர் என்ஜினில் கை வைக்கப் போகும்போதெல்லாம் சுற்றி ஒரு சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டுக்கொள்ள ஆரம்பித்தார். ஒஸ்மான் எட்டிப்பார்த்தால், தண்ணீர் கொண்டு வா, விறகு கொண்டு வா என்று விரட்டுவார். டீசல் என்ஜினுக்கு விறகு எதற்கு? பாவம், அவரும் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. போகும்போது என்னிடம், “அலமாக், தம்பி, கெடெக்குட் இல்மு,” என்று தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அறிவில் கஞ்சன் என்று அர்த்தம். பணத்தில் கஞ்சனுக்கு நம்மிடம் எத்தனையோ பெயர் உண்டு. இந்தக் கஞ்சத்தனத்துக்கு மலாய்க்காரர்கள்தான் தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த என்ஜினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது எதுவும் எங்களுக்கு அப்போது தெரியாது. யுத்தத்துக்குப் பிறகு தெப்ராவ் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தபோதுதான் நான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஸ்டோரின் பழைய என்ஜின் உடைந்துபோனதும், எங்கேயோ மரத்தில் மோதிச் சிதைந்த ஒரு லாரியின் டீசல் என்ஜினைக் கழற்றிக் கொண்டுவந்து சிமெண்டு மேடையில் உட்காரவைத்தார்கள். எந்த என்ஜினுக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு கருவி வேண்டும். பழைய என்ஜினில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுற்றிச் சுற்றி அந்த வேலையைச் செய்தன, பார்த்தாலே புரியும். இந்த லாரி என்ஜினில் குண்டு எதுவும் கிடையாது. இது தன் மூச்சை வைத்தே தன் வேகத்தைத் தெரிந்துகொள்ளும்.

என்ஜின் காற்றை உறிஞ்சுகிற குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும். என்ஜின் வேகமாக ஓடினால் மூச்சும் வேகமாக இழுக்கும். அந்தக் குறுகிய இடத்தில் காற்றின் அழுத்தம் குறையும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, உள்ளங்கை அகல வட்டப்பெட்டி ஒன்றுக்குப் போகும். பெட்டிக்குள்ளே ஒரு தோல் தகடு, அதன் நடுவில் ஒரு கம்பி. தோலுக்கு ஒரு பக்கம் என்ஜினின் இழுப்பு; அந்தப் பக்கத்திலேயே ஒரு சுருள்வில்லும் இருக்கும். வில்லுக்கு ஒரே வேலைதான். கம்பியைத் தள்ளி, டீசலை நிறைய விடச்சொல்லும். இழுப்பு அதிகமானால் தோல், வில்லை மடக்கிக்கொண்டு பின்னால் வரும், கம்பியும் கூட வரும், டீசல் குறையும். உருளையில் பெரிய கட்டி மாட்டி என்ஜின் திணறினால் மூச்சு தளரும், இழுப்பு குறையும், வில் ஜெயிக்கும், டீசல் கூடும். கட்டி தாண்டிப் போனதும் மறுபடி மூச்சு ஏறும், டீசல் குறையும். இப்படி யாரும் தொடாமலே நாள் முழுக்க ஒரே சீராக ஓடும்.

தோலின் மறுபக்கத்தில் என்ன? சும்மா வெளிக்காற்று. அது உள்ளே வந்துபோகப் பெட்டியின் முகத்தில் நடுவாக ஒரு சின்ன ஓட்டை. இந்த ஓட்டை அடைபட்டால், இழுப்பு எவ்வளவு இழுத்தாலும் தோலால் அசைய முடியாது. வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு மூச்சை இழுக்கப் பார்த்தால் நெஞ்சு விரியுமா? அந்த மாதிரிதான். தோல் வராவிட்டால் கம்பி வராது, டீசல் குறையாது. வில்லோ ‘இன்னும், இன்னும்’ என்று தள்ளிக்கொண்டே இருக்கும். என்ஜினுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

இது ஒரு ஆளுக்கு மட்டும் தெரியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆயுத பூஜை.

தோட்டத்தில் தீபாவளியைவிட ஆயுத பூஜைக்குத்தான் ஸ்டோர்க்காரர்கள் உயிரைவிடுவோம். பால் வெட்டும் கத்தி, வாளி, உருளை, தராசு எல்லாவற்றையும் கழுவி அடுக்கி, பொட்டிட்டு, பொரி கடலை படைப்போம். அன்று என்ஜினுக்கு ஓய்வு. அதற்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பது பெண்கள். பெண்களில் அக்காதான் முதலில். அத்தான் காய்ச்சலில் போன பிறகு கோயிலில் அவளை எதிலும் முன்னால் நிற்கவிட மாட்டார்கள். ஸ்டோரில் மட்டும் அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. அதனால் அவளுக்கு அந்த நாள் பெரிது. சந்தனத்தை அவளே கல்லில் இழைத்து, கெட்டியாக வழித்து எடுத்துவருவாள். அந்த வட்டப்பெட்டி என்ஜினின் தலைமாட்டில் வழவழவென்று நெற்றி மாதிரி இருக்கும். நெற்றி என்றால் நடுவில்தானே பொட்டு வைக்கத் தோன்றும்? நேராக அந்த ஓட்டையின்மேல்தான் அவள் விரல் போகும்.

முதல் வருஷம் அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். சந்தனக் கிண்ணம் கீழே விழுந்தது. அடுத்த வருஷம் அக்கா கிண்ணத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, நல்ல மாதிரியாகவே கேட்டாள்.

“ஏன் டிரைவரே, அங்க வச்சா என்னா?”

“வேணாம்னா வேணாம்.”

“அதான் ஏன்னு கேக்குறேன். சொன்னா கேட்டுக்க மாட்டேனா?”

“உனக்குச் சொல்லி வெளங்குமா? போ, போய்க் கட்டியத் தள்ளுற வேலையப் பாரு.”

அவள் முகம் சிவந்துபோய்த் திரும்பினாள். அதற்கும் அடுத்த வருஷம், அவர் மத்தியானம் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பெண்களெல்லாம் சேர்ந்து பொட்டு வைத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் பார்த்தார். கீழே கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்தார். சாமி பெயரைச் சொல்லி வைத்த சந்தனத்தை, அத்தனை பேர் பார்க்க, ‘பொடோ, பொடோ’ என்று எங்களைத் திட்டிக்கொண்டே அழுக்குத் துணியால் துடைத்தார். முட்டாள்கள் என்று அர்த்தம். பூஜை செய்ய வந்த கோயில் பண்டாரம் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? கங்காணி தலைமையில் எல்லாரும் துரை பங்களாவுக்குப் போனோம். நானும் போனேன், நன்றாகச் சத்தம் போட்டேன். துரை டிரைவரைக் கூப்பிட்டு, சந்தனத்தால் என்ஜினுக்கு என்ன கெடுதல் என்று கேட்டார். வேலையே போகிற நிலைமை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். “அது என் என்ஜின், என் வேலை,” என்று மட்டும் சொன்னாராம். துரை இத்தனை ஆட்களைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. பூஜை நாளில் என்ஜினுக்கு என்ன வைத்தாலும் டிரைவர் தடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். நாங்கள் ஜெயித்த சந்தோஷத்தில் அன்று பெரிய சாப்பாடு.

அவர் தோற்றதை மறக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க எங்களோடு ஒரு பேச்சு கிடையாது, திட்டுகூட இல்லை.

மறுபடி பூஜை வந்தது. அக்கா வழக்கத்தைவிடக் கெட்டியாகச் சந்தனம் இழைத்தாள். வட்டப்பெட்டியின் நடுவில் ரூபாய்க் காசு அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். எட்டி நின்று பார்த்து, “இப்பத்தான் லட்சணமா இருக்கு,” என்றாள். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் காலை. ஒரு நாள் வேலை நின்றதால் ஒட்டுப்பால் மூட்டைகள் குவிந்து கிடந்தன. அவர் என்ஜினைக் கிளப்பினார். வழக்கமாக உடனே சீராகிவிடுகிற சத்தம், அன்று கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு மெதுவாகத்தான் அடங்கியது. காய்ந்த சந்தனத்தில் எங்கோ மயிரிழை வெடிப்பு விழுந்திருக்க வேண்டும், காற்று அதன் வழியே ஊர்ந்து உள்ளே போயிருக்கிறது. அந்த இரைச்சலுக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். நிறுத்தவில்லை. பெல்ட்டை உருளைச் சக்கரத்துக்குத் தள்ளச்சொல்லித் தலையை ஆட்டினார். உருளைகள் சுற்ற ஆரம்பித்தன.

சந்து வழியாக நான் தற்செயலாகப் பார்த்தேன். அன்றைக்கு அவர் உட்காரவில்லை. என்ஜினை நிறுத்துகிற பிடியில் கையை வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் முகத்தை நான் பார்த்தது அப்போதுதான். என்ன புதுசாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அக்கா ஒரு பெரிய கட்டியைக் கொடுத்தாள். என்ஜின் முக்கியது. கட்டி நசுங்கி என் பக்கம் வந்து விழுந்தது. பாரம் போனதும் என்ஜின் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, தகரக் கூரை அதிர்ந்தது. அக்கா அதற்குள் அடுத்த கட்டியை வைத்துவிட்டாள். உருளை வழக்கமான வேகத்தில் இழுக்கும் என்று அவள் கைக்குப் பழக்கம். கட்டி விருட்டென்று உள்ளே போனபோது கையும் கூடப் போய்விட்டது.

அவர் பிடியை இழுத்தார். இழுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேகத்தில் சுற்றிய இரும்பு உடனே நிற்குமா? நான் அந்தப் பக்கம் ஓடி அக்காவைப் பிடித்துக்கொண்டேன். ஆட்கள் சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளிக் கையை எடுத்தார்கள். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. அதற்குமேல் அந்தக் காலையை எழுத எனக்குத் தெம்பில்லை.

அக்காவை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கொண்டுபோனோம். காயம் ஓரளவு ஆறித் தோட்டத்துக்குத் திரும்பியபோது ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சாமி குத்தம். போன வருஷம் டிரைவர் சந்தனத்தைத் துடைத்தார் இல்லையா, அதற்கு ஆத்தா பழி வாங்கிவிட்டாள். துடைத்தவரை விட்டுவிட்டு வைத்தவள்மேல் ஏன் பழி என்று யாரும் கேட்கவில்லை. பரிகாரம் முடியும்வரை தொடக் கூடாது என்று என்ஜினை அப்படியே போட்டுவைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் வாசலில் பரிகாரத்துக்கு எல்லாரும் கூடினார்கள். அக்கா கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரைவரும் சுவரோரம் நின்றார். பண்டாரம் அவரைப் பார்த்து, “ஒன்னாலதான் இந்தப் பொண்ணுக்கு இப்படி. சாமிகிட்ட மன்னிப்புக் கேளு,” என்றார்.

அவருக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. அக்காவின் கையைப் பார்த்து வராத வார்த்தை, தன் என்ஜினைப் பற்றித் தப்பாகச் சொன்னவுடன் வந்துவிட்டது.

“சாமியாம் பூதமாம்! கீலா, பைத்தியக்காரப் பசங்களா, வாங்கடா இங்க!” என்று கத்திக்கொண்டே உள்ளே போனார். நாங்களும் போனோம். ஒரு குச்சியால் வட்டப்பெட்டியில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் குத்தினார். அது சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் ஓட்டை.

“பாருங்க. இது காத்துப் போற ஓட்டை. என்ஜின் வேகமா மூச்சு வாங்கினா, உள்ள இருக்குற தோலு பின்னால வந்து எண்ணெயக் கொறைக்கும். தோலு வரணும்னா இந்த வழியாக் காத்து வரணும். இத அடைச்சா எண்ணெய் கொறையாது, என்ஜின் தறிகெட்டு ஓடும். இதான். சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

வெற்றிலையை மடித்து வாயில் போடும் நேரம்கூட ஆகவில்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் புரிந்தது. பண்டாரத்துக்கே புரிந்தது. அக்கா எழுந்து முன்னால் வந்தாள்.

“இம்புட்டுதானா?” என்றாள்.

அவர் குச்சியைக் கீழே போட்டார்.

“அன்னிக்கிக் காலையில இது அடைச்சிருந்தது உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் பெல்ட்டத் தள்ளச் சொன்னீங்களா?”

அவர் என்ஜினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கொஞ்சம் கத்தும், எல்லாரும் பயந்து ஓடுவீங்க, நான் நிறுத்திருவேன்னு நெனச்சேன். அதுக்கப்புறமாவது என் பேச்சக் கேப்பீங்கன்னு பாத்தேன்.”

“உங்க பேச்சா?” அக்காவின் குரல் உயரவே இல்லை. “நீங்க என்னிக்குப் பேசினீங்க டிரைவரே? நான் கேட்டப்ப இத சொல்லியிருந்தா, பொட்ட கொஞ்சம் தள்ளி வச்சிருப்பேனே.”

நான் பாய்ந்துவிட்டேன். அவர் கழுத்தில் என் கை நன்றாகவே பதிந்தது. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள். பிரிக்காமல் விட்டிருக்கலாம் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துரையிடம் போய்ச் சொன்னோம். அவர் வருத்தப்பட்டார், தலையை ஆட்டினார், வேறு டிரைவர் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார். ஸ்டோர் இன்னும் நிற்கக் கூடாதல்லவா? ஆக அவர் மறுநாளே மறுபடி தன் பெட்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அக்காவுக்குப் புகை அறையில் தகடுகளை உலரப்போடுகிற வேலை கொடுத்தார்கள். இடது கையால் எல்லாம் செய்யப் பழகிக்கொண்டாள். அவர் ஒரு தடவைகூட அவளிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்கா வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கிண்ணத்தை இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். அவளுக்குப் பதிலாக உருளைக்கு வந்திருந்த பெண், கல்யாணமாகிப் புதுசாகத் தோட்டத்துக்கு வந்தவள், ஆசையாகச் சந்தனத்தைத் தொட்டு, நேராக அந்த வட்டப்பெட்டிக்குக் கையைக் கொண்டுபோனாள்.

“கைய எடு!” என்று அதட்டினார் அவர்.

அந்தப் பெண் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “ஏங்க?” என்றாள்.

அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு நடந்த பிறகும், அந்த வாய் திறக்கவில்லை. நான் ஏதாவது செய்வதற்குள் அக்கா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் மிச்சமிருந்த விரல்களால் ஓட்டையைச் சுட்டிக்காட்டி, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“இங்க பாரும்மா. இது காத்துப் போற ஓட்டை. இதுல பொட்டு வச்சா அடைச்சுக்கும். அடைச்சா எண்ணெய் கொறையாது, உருள வேகமாச் சுத்தும், கை உள்ள போயிரும். அதனால இங்க வைக்காத. அந்தச் சக்கரத்து மூடியில வையி, அங்க எத்தன வேணாலும் வைக்கலாம். வெளங்குச்சா?”

“வெளங்குச்சுக்கா,” என்றாள் அந்தப் பெண். சக்கரத்து மூடியில் அழகாக ஒரு பொட்டு வைத்தாள்.

அவர் தலைத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகட்டும் என்று இருந்தது எனக்கு. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. வரிசையில் நின்ற அடுத்த பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டு, அவளுக்கும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.